குதிரை வளையத்தில் ஒரு ஒயர் கூடை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள்.
2. அம்மா சாயங்காலம் சுவரில் சோற்றுக் கூடை மாட்டுவதை நிறுத்தவில்லை.
3. கூடைக்குள் போவது குறைந்துகொண்டே வந்தது.
4. காலையில் கூடைக்குள் திரும்பி வருவது கூடிக்கொண்டே போனது.
5. அதை வைப்பது யார் என்று அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.
6. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஆறோடு நிறுத்திவிடுகிறேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எது எந்த வரிசையில் நடந்தது என்று எழுதி வைத்தால் காரணம் தானாக வெளியே வந்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் வந்துவிடும். மாடியில் நடந்ததை மட்டும் ஏழு என்று எண் போட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முப்பதை நெருங்கிவிட்டோம். நேற்று மாற்றிய பாஸ்வேர்டு மறந்துபோகிறது, தொண்ணூறுகளில் பெங்களூரில் எந்தத் தெருவில் எந்த வாசனை வரும் என்பது மட்டும் மறக்கவில்லை. உங்கள் சந்திலும் இப்படி ஒரு சுவர் இருந்திருக்கலாம். எங்கள் சுவரைச் சொல்கிறேன்.

மர்பி டவுனில் எங்கள் சந்தின் ஒரு பக்கம் லைன் வீடுகள். எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே சுவர், கருங்கல். மிலிட்டரிக்காரர்களின் குதிரை லாயம் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். குதிரைகள் போய், லாயமும் போய், உள்ளே யாரோ சிமென்ட் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் மட்டும் சுவரின் வெளிப்பக்கத்தில், பெரியவர்களின் தோள் உயரத்தில் வரிசையாக மிச்சமிருந்தன. ஒவ்வொன்றும் என் கை வளையலைவிடப் பெரியது. மழை பெய்தால் அந்தச் சுவரிலிருந்து ஈர இரும்பு வாசனை வரும். சந்து முனையில் பேக்கரி இருந்ததால் அதோடு ரொட்டி வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் மழை நாளில் ஒரு பேக்கரியைக் கடந்து போனால் என் கண் தானாகச் சுவரில் வளையம் தேடும்.

விளக்கு வைக்கிற நேரத்தில், தெருக்குழாயில் தண்ணீர் நின்ற பிறகு, அந்த வளையங்களில் பைகளும் கூடைகளும் தொங்கும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஆக்கியதில் முதலில் ஒரு பங்கை எடுத்து டப்பாவில் போட்டு மாட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் வீட்டில் தட்டு போடுவார்கள். மிஞ்சியதை மாட்டக் கூடாது. சட்டை, பாவாடை, படித்து முடித்த பாடப் புத்தகம் என்றால் பையின் வாயில் இரண்டு முடிச்சு. சோறு என்றால் ஒற்றை முடிச்சு. பசியோடு வருகிறவர் இருட்டுகிற நேரத்தில் பையைப் பிரித்துப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக அந்த முடிச்சு வித்தியாசம். வளையங்கள் உயரத்தில் இருந்ததால் நாய்க்கு எட்டாது.

வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சந்தில் யாராவது நின்றிருந்தால், குழாய்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. "பாத்துட்டா அவங்களுக்கு அது எறங்காது" என்பாள் அம்மா. பிள்ளைகள் நாங்கள் பார்க்கவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே மட்டும். செருப்பை வைத்து ஆள் கண்டுபிடிப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை நாம் யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, இல்லையா? ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத் தருவோம். சுவரிலிருந்து எடுக்கிறவர்களும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலையில் அம்மா கூடையை இறக்கும்போது டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கும். கூடவே ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு இணுக்கு கறிவேப்பிலை, காகிதத்தில் மடித்த கல்லுப்பு, நாலு தீக்குச்சி.

முகம் தெரியாததால் நாங்கள் அவர்களுக்கு அந்தப் பொருளையே பேராக வைத்தோம். "நேத்து உப்பு வந்தாரு." "இன்னிக்குக் கறிவேப்பிலை." இவர்களில் எனக்குப் பிடித்தவர் பொத்தான். கவிழ்த்த டப்பாவுக்கு அடியில் ஒரே ஒரு சட்டைப் பொத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டுச் சட்டையில் இருப்பது போன்ற பிளாஸ்டிக் இல்லை. சிலது கொம்பில் செதுக்கியது, பழுப்பும் கறுப்புமாக வரி ஓடும். சிலது சிப்பி, வெயிலில் திருப்பினால் இளம் பச்சையாக மின்னும். ஒரு தடவை நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான் வந்தது. எல்லாவற்றையும் காலி பவுடர் டப்பாவில் சேர்த்தேன். மூடியைத் திறந்தால் ரோஜாப் பவுடர் வாசனையோடு அவை கலகலவென்று கொட்டும். பொத்தான் செருப்பில்லாத ஆள் என்பதும் எங்களுக்குத் தெரியும். வெறும் பாதம், வெடித்த குதிகால், வேகமான நடை. செருப்புகூட வாங்க முடியாதவர் என்று நினைத்து மிகவும் பரிதாபப்பட்டோம்.

எங்கள் கூடை நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட ஒயர் கூடை. அம்மா பின்னியது. சுவரில் தொங்கியவற்றில் அதுதான் அழகு. அம்மாவுக்கும் அது தெரியும். புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குச்சு கட்டுவது அவள் வேலை. குழாயடியில் அவள் பேரே ஃபால்ஸ்தான்.

பட்டறை மூடியது மழைக்காலத் தொடக்கத்தில். அப்பா முதல் வாரம் காலையில் வழக்கம்போலக் குளித்து, சட்டை போட்டு, சைக்கிளைத் துடைத்தார். பிறகு துடைத்த சைக்கிளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பீன்யா வரை மிதித்துப் போய் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் வேலை கேட்டுவிட்டு வருவார். வரும்போது மழைத் தண்ணீர் முட்டி வரை தெறித்திருக்கும். அம்மா துண்டை நீட்டுவாள்.

அம்மாவுக்கும் ஆர்டர் குறைந்தது. மழையில் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் குச்சும் இல்லை. ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம் ஆனால் கூடை தயாராகிவிடும். சாம்பார் சாதம் இருந்த இடத்தில் ரசம் சாதம் வந்தது. பிறகு டப்பாவில் பாதி. பிறகு ராகிக் களி ஒரு உருண்டை, ஊறுகாய்த் துணுக்கோடு. அப்பா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"நம்ம புள்ளைக்கே பத்தல. நீ சுவத்துக்கு சோறு ஊட்டிக்கினு இருக்கியா?"

"சுவரா சாப்பிடுது? வவுறு சாப்பிடுது."

"அப்ப எங்க வவுறு இன்னா, கல்லா?"

அம்மா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "ஏங்க, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இந்தக் கூடைய மாட்ட முடியாத நாள் வந்துச்சுன்னா, அன்னிக்கே பெட்டி கட்டிக்கினு ஆம்பூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். குடுக்கறவளா நடந்த தெருவுல எடுக்கறவளா நான் நடக்க மாட்டேன்."

அம்மா சும்மா சொல்கிறவள் இல்லை. ஆம்பூர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாமா வீட்டில் பெண் பிள்ளைகளை ஐந்தாவதோடு நிறுத்தி, ஷூ கம்பெனிக்கு மேல்தோல் தைக்க வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். நான் ஐந்தாவதில்தான் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பூப்போட்ட உறை மாட்டி வைத்திருந்தார்கள். ஆறாவது போனால் அதைத் தொட விடுவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து நான் கூடையைக் காவல் காத்தேன். எனக்குப் பசிக்கவில்லை என்று பாதி தோசையை ஒதுக்கி வைப்பேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிடாமல் கொண்டு வந்து டப்பாவின் ஓரத்தில் செருகுவேன். கொஞ்சம் கள்ளேபுரி, அதாவது பொரி, காகிதப் பொட்டலமாகக் கட்டிப் போடுவேன். அம்மா பார்ப்பாள், மூடியை அழுத்தி மூடுவாள். எனக்குச் சின்னதாகிப்போன யூனிஃபார்ம் பாவாடையைத் துவைத்து மடித்து இரண்டு முடிச்சுப் போட்டு மாட்டிய நாளில், இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். சோறோ துணியோ, மாட்டியாகிவிட்டது அல்லவா.

பிறகு எதுவுமே இல்லாத நாள் வந்தது. காலையில் கஞ்சி. மத்தியானம் அதன் மிச்சம். சாயங்காலம் அம்மா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள். அது தரையில் பட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். பெட்டிக்குள் முதலில் எதை வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தையல் டப்பாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அதைத் திறந்து, ஒரு ஊசியில் வெள்ளை நூல் கோத்தாள். இன்னொன்றில் கறுப்பு. இரண்டையும் ஒரு துண்டுத் துணியில் குத்தி, கூடைக்குள் வைத்து, எடுத்துப் போய் வளையத்தில் மாட்டினாள்.

திரும்பி வந்து, "கிழியாத சட்டை யாருகிட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னாள். பெட்டியை மூடினாள். ஆனால் பரணில் ஏற்றவில்லை.

மறுநாள் காலை நான்தான் முதலில் ஓடினேன். கூடைக்குள் அக்குள் கிழிந்த ஒரு பையன் சட்டை இருந்தது. அம்மாவின் ஊசி அதன் காலரில் குத்தியிருந்தது. எனக்கு வரவில்லை, நீங்களே தைத்துவிடுங்கள் என்று சட்டை சொல்வதுபோல இருந்தது. சட்டைக்கு அடியில் கை நிறைய அரிசி, பழைய துணியில் முடிந்து. அம்மா சட்டையைத் தைத்து, கரி இஸ்திரிப் பெட்டி இல்லாததால் சூடான சொம்பால் தேய்த்து, அன்று மாலை மாட்டினாள்.

அதற்குப் பிறகு கூடை வாய் திறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கிழிந்த பை, பட்டன் போன ஸ்வெட்டர், கரை பிரிந்த பாவாடை எல்லாம் வந்தன. கறிவேப்பிலை ஒரு இணுக்கு வந்த இடத்தில் ஒரு கட்டு வந்தது. உப்பு வந்த இடத்தில் உப்போடு வெல்லம். இரண்டு முருங்கைக்காய் கூடைக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தீக்குச்சிக்காரர் முழுத் தீப்பெட்டியே வைத்தார். பொத்தான் மட்டும் மாறவில்லை. எப்போதும்போல ஒன்றே ஒன்று.

குழாயடியில் வரிசையை அதட்டி நடத்தும் அக்கா ஒருத்தி உண்டு. குழாய்க்குப் பக்கத்து வீடு, அதனால் குழாயே தன்னுடையது என்று நினைப்பு. அவள்தான் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏன் ஃபால்ஸு, உன் கூடை இன்னா முழுகாம இருக்குதா? நாளுக்கு நாள் கனத்துக்கினே போவுது!"

குடங்கள் எல்லாம் சிரித்தன. அம்மாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அன்று காலை வந்த துவரம்பருப்பு முடிச்சை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். பருப்பை அல்ல, துணியை.

"பாருங்க" என்று அப்பாவிடம் காட்டினாள். "ஓரத்த மடிச்சு எவ்ளோ சன்னமா அடிச்சிருக்குது. இது கோட்டு தைக்கிறவங்க கை. இந்தத் தெருவுல கோட்டு தைச்ச வீடு ஒண்ணுதான்."

மாடி வீடு. எங்கள் லைன் வீடுகள் முழுவதற்கும் சொந்தக்காரி, ஓனரம்மா, அங்கே தனியாக இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் மிலிட்டரி ஆபீசர்களுக்கு யூனிஃபார்ம் தைத்தவர், இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஓனரம்மா யாரோடும் அதிகம் பேச மாட்டார். மரப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் கோலி ஆட்டத்தை நிறுத்திவிடுவோம். மேல் ஜன்னலில் எந்நேரமும் உட்கார்ந்து சந்து முழுவதையும் கண்காணிப்பதாக எல்லாரும் சொல்வார்கள். அம்மா அவரைப் பற்றிச் சொன்னது ஒரே வார்த்தை: கல்லு.

"அந்தம்மா நம்ம நெலமையப் பாத்துப் பரிதாபப்பட்டு மேலேர்ந்து போடறாங்க" என்றாள் அம்மா. "இத்தன நாளா நான் சாப்பிட்டது பிச்சை."

"யாரு வெச்சா இன்னா? வந்துச்சு, சாப்பிட்டோம்" என்றார் அப்பா.

"அது பிச்சைன்னா நாளைக்கே ஆம்பூர் பஸ்ஸு." பெட்டி இன்னும் கீழேதான் இருந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை. அம்மா பருப்பு முடிச்சைக் கூடைக்குள் வைத்து, கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு மரப்படி ஏறினாள். வர வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் அந்தச் சத்தம் போடும் செருப்பு ஜோடியாக இருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும். நாங்கள் நினைத்ததுபோல சோபாவோ டிவியோ இல்லை. ஒரு கட்டில், ஒரு மூடி வைத்த தையல் மெஷின், ஜன்னலோரம் ஒரு நாற்காலி.

"இன்னாம்மா, கூடையோட வந்துட்ட?" என்றார் ஓனரம்மா. "வா, உக்காரு."

"நிக்கறேன். ஓனரம்மா, எங்களுக்கு இது வேணாம்."

"எது?"

"நீங்க வெக்கறது. கஷ்டம்தான், இல்லேங்கல. ஆனா குடுத்துப் பழகின கை இது. பிச்சை எடுக்கற அளவுக்கு நாங்க இன்னும் வரல."

"நான் வெச்சேன்னு யாரு சொன்னது?"

"துணி சொல்லுது. நானும் தையல்காரிதான்."

ஓனரம்மா முடிச்சை வாங்கினார். பிரிக்கவில்லை. ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். "எங்க வீட்டுக்காரரு அடிச்சது" என்றார். "துணி என்னுதுதான். பழைய துண்டுங்கள நான்தான் ரெண்டு முடிச்சுப் போட்டு சுவத்துல மாட்டினேன், போன தை மாசம். பருப்பு என்னுது இல்ல."

அம்மா நம்பவில்லை. அவள் முகத்தில் அது தெரிந்தது. நான் அவர்களைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு மேலே பலகையில் அடுக்கியிருந்த பிஸ்கட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் மூடி சரியாக மூடவில்லை. இளம் பச்சையாக ஒரு மினுக்கல். சிப்பி. அதற்குப் பக்கத்தில் வரி ஓடிய கொம்பு. அதற்கு மேல் பித்தளை.

கீழே பார்த்தேன். ஓனரம்மா வெறுங்காலோடு நின்றிருந்தார். வெடித்த குதிகால்.

"அம்மா" என்றேன்.

"சும்மா இருடி."

"அம்மா, பொத்தான்."

அம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். கூடையை மாட்டியிருந்த அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

ஓனரம்மா சிரித்துவிட்டார். "ஹௌது, ஆமா கண்ணு, நான்தான். செருப்பு போட்டுக்கினு வந்தா தெருவுக்கே தெரிஞ்சுடுமே." அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "மாசம் பொறந்தா பையன் பைக்குல வந்து வாடகைய வசூல் பண்ணிக்கினு போறான். வீடு என் பேருல இருக்குது. அடுப்புதான் யாரு பேருல இருக்குதுன்னு தெரியல. யாருகிட்ட போய்க் கேக்கறது, சொல்லு? ஓனரம்மான்னு பேரு வெச்சுட்டீங்க."

அம்மா அப்போதும் உட்காரவில்லை. "அப்ப இதையெல்லாம் யாரு வெக்கறது?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"உன் கூடையிலேர்ந்து எடுத்த எல்லாரும். நான் பாக்கக் கூடாதுதான். ஜன்னலு அங்க இருக்குது, நான் இன்னா பண்ண? பஸ் ஸ்டாப்புல கடலை விக்கறாளே, அவ ஒரு பிடி அரிசி. ரோடு பெருக்க வர்றவ முருங்கைக்காய். சாயபு வீட்டு மருமக வெல்லம். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. ஒவ்வொருத்தரும் தான் ஒருத்திதான் வெக்கறோம்னு நெனச்சுக்கினு, திருடன் மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துட்டு, வெச்சுட்டு ஓடறாங்க. இன்னொருத்தி வர்ற சத்தம் கேட்டா குழாய்ப் பக்கம் திரும்பிக்கறாங்க. எனக்குச் சிரிப்பா வரும்."

"எங்க வீட்டு நெலம அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலியே."

"நல்லா கேட்ட போ. சாம்பார்ல பருப்பு கொறைஞ்சா மொதல்ல யாருக்குத் தெரியும், ஆக்கறவளுக்கா? சாப்பிடறவளுக்குத் தெரியும். நீ ரசத்துக்கு மாறின அன்னிக்கே எங்க எல்லாருக்கும் தெரியும்."

நான் இன்றைக்கும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். யாரும் கூடிப் பேசவில்லை. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. இல்லாதவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்தவர்கள், தனித்தனியாக, டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கிற அதே கையால் எங்கள் வீட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அதுவும் அம்மா கை நீட்டாதபடி. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்ற பழக்கத்துக்குள் ஒளித்துவைத்து. ஆயிரம் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இப்போது இருக்கிறேன். இரண்டு குழுக்கள் ஒரு விஷயத்தைச் சேர்ந்து செய்வதற்கு எத்தனை மீட்டிங் போடுகிறோம் என்று எனக்குத் தெரியும்.

பத்து வயதில் இப்படியெல்லாம் எனக்கு வார்த்தை வரவில்லை. மாடி ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தேன். மேலிருந்து நான் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெயிலில் வளையங்கள் வரிசையாக, காலியாக இருந்தன. அவ்வளவு பெரிய சுவர் என்று எனக்குக் கீழேயிருந்து தெரிந்ததே இல்லை.

அம்மா ஓனரம்மா பக்கம் திரும்பினாள். "சாம்பார்ல உப்பு சரியா இருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஓனரம்மா. "வெள்ளிக்கிழமையானா கொஞ்சம் தூக்கல்."

"வெள்ளிக்கிழம ருசி பாக்க மாட்டேன். சாமிக்குப் படைக்கணும்."

"அதானே பாத்தேன்."

அம்மா பருப்பு முடிச்சைக் கூடைக்குள் திரும்ப வைத்துக்கொண்டாள். கீழே இறங்கி வந்ததும் அதை வேக வைத்தாள். அப்பாவிடம், "பெட்டிய மேல ஏத்துங்க" என்றாள். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அன்று மாலை கூடையில் போனது சாம்பார் சாதம், பருப்பு கெட்டியாக. மறுநாள் காலையில் ஒரு சிப்பிப் பொத்தான் இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். மாடியில்தானே இருக்கிறார், நேராகவே கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"மாடிக்குக் கொண்டு போனா அது தர்மம்" என்றாள் அம்மா. "சுவத்துல மாட்டினா அது சோறு."

அதற்குப் பிறகும் அம்மாவும் ஓனரம்மாவும் குழாயடியில் பழையபடி முறைப்பாகத்தான் இருந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா தலையைத் திருப்பிக்கொள்வாள். அதில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு மாற்றம், வெள்ளிக்கிழமைகளில் உப்பு தூக்கலாக இல்லை.

மழை முடிந்து கல்யாண மாதங்கள் வந்தன, குச்சு கட்டும் வேலையும் வந்தது. முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவுக்குச் சந்தாபுராப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது. நான் ஆறாவது போனேன், வேறு பள்ளிக்கூடத்தில். அங்கே கம்ப்யூட்டர் நாலு இருந்தது, உறை இல்லாமல். வீடு மாற்றிய அன்று டெம்போவில் சாமான் ஏற்றும்போது குழாயடி அக்கா ஓடி வந்து, "ஃபால்ஸு, கூடைய விட்டுட்டுப் போறியா இல்லியா?" என்று கேட்டாள். "விட்டுட்டுப் போனா நீ அதுல தக்காளி வாங்கப் போவ" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள், பிறகு இருவரும் அழுதார்கள். நீலக் கூடை எங்களோடு வந்தது. பவுடர் டப்பா மட்டும் அந்த டெம்போ பயணத்தில் எங்கோ தொலைந்துபோனது. அத்தனை பொத்தான்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இப்போதைய நிலவரம் இது. மர்பி டவுன் சந்தில் அந்தச் சுவர் இல்லை, நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஓனரம்மா இல்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், சைக்கிளை இன்னும் துடைக்கிறார். நாங்கள் சந்தாபுராவில் இருக்கிறோம். எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு கொக்கி அடித்திருக்கிறோம், ஆள் தோள் உயரத்தில். கூடை அதேதான், கைப்பிடி ஒயர் மட்டும் புதுசு. பக்கத்துக் கட்டட வேலைக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ வந்திருப்பவர்களுக்கு அம்மா எதையும் விளக்கிச் சொல்லவில்லை. மாட்டினாள், அவ்வளவுதான். சோற்றுக்கு ஒற்றை முடிச்சு, துணிக்கு இரண்டு. இன்று காலை நான் இறக்கியபோது டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது, அதன் கீழே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

எங்கள் ஜன்னல் அந்தக் கேட்டைப் பார்த்தபடிதான் இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரம் ஆனால் திரையை இழுத்து விட்டுவிடுகிறோம்.